பொது வடமும் தனி வழியும்

மன்னார்த் தீவினின்று பெருநிலத்துக்கு வாகனத்திற் செல்வோர் யாவரும் ஒரு தாம்போதியையே கடத்தல் வேண்டும். தீவினுள்ளே தெருக்கள் பல. வெளியேறும் வாயில் ஒன்றே. அலுவலகக் கணினி வலையமைப்பு அடைந்த மாற்றத்தை விளக்க இதனினும் தக்க உவமை வேண்டா.

அம்மாற்றத்தின் மூலக்கதையும் தீவுகளிலேயே தொடங்கிற்று. 1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்து நோர்மன் ஏபிரம்சன் குழுவினர், தம் கணினியோடு தொலைவிலுள்ள முனையங்களைப் பொதுவானதொரு வானொலி அலைவரிசையால் இணைத்தனர். இருவர் ஒருங்கே செய்தி விடுப்பின் இரண்டும் மோதிச் சிதையும். எனவே வெவ்வேறு நேரம் காத்திருந்து மீள விடுத்தனர். இம்முறையை ஆராய்ந்த றொபேட் மெற்காஃப், 1973 இல் செறொக்ஸ் ஆய்வுநிலையத்தில் அதனை வடத்துக்குரியதாக்கினார். பேசுமுன் செவிகொடுத்தல், மோதியவுடன் நிறுத்தல் என்னும் விதிகள் அதிற் சேர்ந்தன. இதுவே ஈதர்நெற். 1983 இல் வினாடிக்கு 1 கோடி பிற் வேகத்தில் இது தரப்படுத்தப்பெற்றது.

கணினிகள் சிலவாயிருந்தவரை பொது வடம் போதியதாயிற்று. அவை பெருகவே மோதல்களும் பெருகின. பின்வந்த ஹப் என்னும் பெட்டி வடங்களை ஓரிடத்திற் கூட்டியதேயன்றி வழியைப் பிரித்திலது. ஒருவர் விடுத்த செய்தி எல்லார் வாயிலிலும் ஒலித்தது. பத்துக் கணினிகள் இருப்பினும் அவ்வொரு கோடி பிற்றையே அவை பங்கிட்டன.

1990 இல் கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம் ஈதர்நெற் சுவிச்சை வெளியிட்டது. எம்முகவரி எவ்வாயிலில் உள்ளதென வரும் செய்திகளைக் கொண்டே அறிந்து, உரியவர்க்கு மட்டும் அது சேர்ப்பித்தது. பத்துக் கணினிகள் ஐந்து இணைகளாய் ஒரே வேளையில் உரையாடலாயின. கணினிகளின் அட்டையையோ வடத்தையோ மாற்ற வேண்டியதில்லை. நடுப்பெட்டியை மாற்றினாற் போதும். 1994 இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கிக்கொண்டது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. பத்துக் கணினிகளும் ஒரே சேவையகத்தை நாடுமாயின், நெரிசல் நீங்காது. அதன் வாயிலுக்கு இடம்பெயரும். 1995 இல் பத்து மடங்கு விரைவான தரம் வந்தபோது அதனைச் சேவையகத்தின் வாயிலுக்கு முதலில் அளித்தலே அறிவுடைமையாயிற்று.

இவ்வுண்மையை மன்னார் மக்கள் பட்டறிந்தவர்கள். 1990 இற் போரால் நின்ற புகையிரதம் 2015 இலேயே தலைமன்னாரை மீண்டும் அடைந்தது. 2010 இல் தாம்போதிக்குப் புதிய பாலம் வாய்த்தது. உள்ளூர்த் தெருக்கள் எத்துணை செப்பமாயினும், எல்லாரும் கடக்கும் வாயிலே ஊரின் வேகத்தை வரையறுக்கின்றது. வலையமைப்பைத் திருத்தப் புகும் மாணவர் முதலில் வினவற்பாலது, எப்பெட்டியை வாங்குவது என்பதன்று. யாவரும் எவ்விடம் நோக்கிச் செல்கின்றனர் என்பதே.