நோயின் வேரறிந்த மருத்துவம்

கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் ஹார்வார்ட் என்னும் பெயர் தாங்கிய தோட்டம் ஒன்று உண்டு. அங்குப் பால்மரம் வெட்டிய தமிழர்கள் அப்பெயரை நாள்தோறும் சொல்லி வாழ்ந்தனர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி அதே பெயரில் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருப்பதை அவர்களுள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? ஆயினும் 2004ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனைகளில் வெளிப்பட்ட உண்மையொன்று, இத்தோட்டத்து மக்களின் வாழ்வையும் தொடுவதாக அமைந்தது.

நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பழக்கத்திற்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டால், ஹில் ஆகிய இருவரும் ஆய்ந்து காட்டினர். அவ்வுண்மை இன்றும் மாறவில்லை. எனினும், இது புகைப்போர்க்கு மட்டுமே வரும் நோய் என்ற தவறான எண்ணமும் உடன் வளர்ந்தது. சுருட்டையோ பீடியையோ தொட்டறியாத பெண்ணுக்கு இந்நோய் கண்டால் அவரும் திகைப்பார். உற்றாரும் நம்ப மறுப்பர். நாட்பட்ட இருமலைக் காசநோய் என்றே கருதிக் காலங்கடத்துவதும் உண்டு.

முன்னாளில் மருத்துவர்கள் புற்றுக்கட்டியை நுண்ணோக்கியில் கண்டு வகைப்படுத்தினர். பின்னர் நோய் முற்றிய பெரும்பாலோர்க்கும் ஏறத்தாழ ஒரே விதமான நச்சு மருந்துகளையே செலுத்தினர். உயிரணுவின் உள்ளே நேர்ந்த பிழை யாது என்பது அப்போது அறியப்படவில்லை.

உயிரணுவின் மேற்புறத்தில், வளர்ச்சிக் கட்டளையை ஏற்கும் புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும். இதனோடு இணையும் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோகன், 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விடியற்காலையில் பெரட்டுக்கு அழைக்கும் மணி ஒலித்து ஓய்ந்துவிடும். அஃது ஓயாது ஒலித்துக்கொண்டே இருந்தால் தோட்டம் என்னாகும்? இப்புரதத்திற்குரிய மரபணுவில் சடுதிமாற்றம் நேரும்போது நிகழ்வதும் அதுவே. கட்டளை ஓய்வதில்லை, உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன.

அக்கட்டளையைத் தடுக்கும் ஜெஃபிடினிப் என்னும் மாத்திரை 2002இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அது பலருக்குப் பயன்படவில்லை. ஆனால் ஒரு சிலர், படுத்த படுக்கையிலிருந்து எழுந்து நடமாடினர். அவர்களுள் பெண்களும், புகைக்காதவர்களும், ஆசிய நாட்டினரும் மிகுந்திருந்தனர். காரணம் புரியாத நிலையில், மாற்றம் உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லார்க்கும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2004இன் இறுதியில் தோல்வி கண்டது. ஆயின் அவ்வாண்டிலேயே பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த ஆய்வாளர்கள் விடையைக் கண்டறிந்திருந்தனர். பயன் பெற்றோரின் கட்டிகளில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாறியிருந்தது.

இவ்விடையை உறுதிசெய்த ஆய்வில் மலேசியாவுக்கும் பங்குண்டு. ஹாங்காங்கைச் சேர்ந்த டோனி மோக் தலைமையில், கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளின் 1,217 நோயாளிகளிடம் நடந்த அவ்வாய்வின் முடிவு 2009இல் வெளியாயிற்று. மரபணு மாற்றம் உடையோருள் நூற்றுக்கு 71.2 பேருக்கு ஜெஃபிடினிப்பால் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதோருள் அப்பயன் பெற்றோர் நூற்றுக்கு 1.1 பேரே! பின்னவர்க்குப் பழைய மருந்தே மேலாக இருந்தது. ஒருவர்க்கு அமுதமாவது மற்றொருவர்க்கு வீண் என்பதை இவ்வெண்கள் ஐயமற உணர்த்தின.

மலேசியர்க்கு வரும் நுரையீரல் சுரப்பிப் புற்றுநோயில், பத்தில் ஏறத்தாழ நான்கில் இம்மாற்றம் காணப்படுகிறது. 2007இல் ஜப்பானியர் ஏ.எல்.கே. என்னும் மற்றொரு மரபணுப் பிழையைக் கண்டனர். அதற்கும் மருந்து பிறந்தது. முதல் மாத்திரைக்குக் கட்டி பணிய மறுத்த நிலையில், 2015இல் ஓசிமெர்டினிப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் நோய் முற்றியவர்க்கு இம்மருந்துகள் வாழ்நாளை நீட்டித்துத் தருவனவே அன்றி, நோயை முற்றாக நீக்குவன அல்ல. இம்மாற்றம் பெரும்பாலும் கட்டியில் மட்டுமே தோன்றுவது. ஆதலால் தாய்க்கு இருந்ததென மக்கள் அஞ்ச வேண்டுவதில்லை.

தோட்டத்திலிருந்து சுங்கைப்பட்டாணிக்கோ அலோர்ஸ்டாருக்கோ பினாங்குக்கோ செல்லும் குடும்பத்திற்கு, மருந்தின் விலை பெருஞ்சுமை. அதனினும் பெரிய இழப்பு, கட்டியின் மரபணுவைச் சோதிக்கலாம் என்பதையே அறியாதிருத்தல். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் ஆய்ந்த பின்னரே மருத்துவம் செய்யுமாறு வற்புறுத்தினார். அக்குறளை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், இந்த வரலாற்றையும் உடன் சொல்லலாம். கேட்கும் மாணவருள் ஒருவர், நாளை தம் தாயுடன் மருத்துவமனைக்குச் செல்லும்போது, "மரபணுச் சோதனை செய்தாயிற்றா?" என்று கேட்பாராயின், அக்கல்வி ஓர் உயிரின் நாள்களை நீட்டித்ததாகும்.