இதயத்தை உறைய வைத்துச் சரிசெய்யும் கதை

1/ "டாக்டர், இதயத்துல ஐஸ் வெச்சு படபடப்பை சரி பண்றாங்களாமே, நிஜமா?" ஓபியில ஒரு அம்மா கேட்டாங்க. நிஜம்தான் மக்களே. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

2/ இதயம் மின்சாரத்தால் துடிக்கிறது. அதில் தப்பான பாதை ஒன்று இருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 180, 200னு எகிறும். அந்த இடத்தை மட்டும் செயலிழக்க வைப்பதுதான் அப்லேஷன்.

3/ 1982இல் சான் பிரான்சிஸ்கோவின் மெல்வின் ஷெய்ன்மன் குழு, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்தி, மின்அதிர்ச்சி கொடுத்துச் செய்த சிகிச்சையை வெளியிட்டது. நெஞ்சைத் திறக்கவே இல்லை! பிறகு அதிர்ச்சிக்குப் பதில் ரேடியோ அலைச் சூடு வந்தது.

4/ ஆனா ஒரு சிக்கல். சுட்டது சுட்டதுதான். சில தப்பான பாதைகள் 'ஏவி நோடு'க்கு சில மில்லிமீட்டர் தள்ளியே இருக்கும். மேலறை மின்சாரம் கீழறைக்கு இறங்கும் வாசல் அது. தவறி அதைச் சுட்டால் வாழ்நாள் முழுக்க பேஸ்மேக்கர். 20 வயசுப் பிள்ளைக்கு இது நடந்தா?

5/ விடைக்கான குறிப்பு மூளையில் இருந்தது. 1960களில் நியூயார்க்கின் இர்விங் கூப்பர், பார்கின்சன் நோயாளியின் மூளைக்குள் ஒரு புள்ளியை முதலில் லேசாகக் குளிர்விப்பார். கை நடுக்கம் நின்றால்தான் முழுசா உறைய வைப்பார். குளிர் கொல்வதற்கு முன் தூங்க வைக்கும். சூட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

6/ 2000, 2001இல் கனடா மருத்துவர்கள் இதைக் கதீட்டர் வழியே மனித இதயத்தில் செய்து வெளியிட்டார்கள். நுனியில் நைட்ரஸ் ஆக்சைடு விரியும்போது குளிரும் (பாடி ஸ்ப்ரே அடிச்சா ஜில்லுனு இருக்குமே, அதே மாதிரி). மைனஸ் 30 டிகிரியில் சோதனை. ஏவி நோடு தடுமாறினா உடனே நிறுத்துவாங்க. சூடேறியதும் பெரும்பாலும் பழையபடி வேலை செய்யும். எல்லாம் சரின்னா மைனஸ் 70 வரை இறக்கி நிரந்தரமா உறைய வைப்பாங்க.

7/ 1998இல் பிரான்சின் போர்டோவில் மிஷேல் ஹைசகேர் குழு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் கிளம்புவதைக் காட்டியது. அந்தச் சிரைகளின் வாயை அடைத்து, சுற்றிலும் வளையமாக உறைய வைக்கும் பலூன் வந்தது. 2010இல் அமெரிக்க அனுமதி. 2016இல் 'ஃபயர் அண்ட் ஐஸ்' ஆய்வில், 762 நோயாளிகளில், குளிர் சூட்டுக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது.

8/ குளிர் மந்திரமில்லை. பலூன், உதரவிதானத்தை இயக்கும் நரம்பைப் பாதிக்கலாம். ஏவி நோடு பக்கத்துப் பாதைகளில் பிரச்சினை திரும்ப வரும் வாய்ப்பும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனா திரும்ப வந்தா திரும்பச் செய்யலாம். போன ஏவி நோடைத் திரும்ப வாங்க முடியாது.

9/ திடீர்னு படபடப்பு வந்தா "டென்ஷன், கேஸ்"னு விடாதீங்க. படபடப்பு இருக்கும்போதே பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு ஈசிஜி எடுங்க. அந்தத் தாள்தான் பாதி வைத்தியம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கவனிக்காம விட்டா பக்கவாதம் வரை போகும். மறக்காதீங்க.