முரளியின் முழங்கை - அளவெடுத்த கதை

எங்க காஞ்சிபுரத்துல டென்னிஸ் பந்து மேட்ச்ல ஒரு பையன் கொஞ்சம் வித்தியாசமா சுழல் போட்டா போதும், "டேய், எறியறான்டா"ன்னு கத்துவாங்க. அடுத்த ஓவர் அவனுக்குக் கிடைக்காது. ஆதாரம்? வெறும் கண்ணு. ஜரிகையில வெள்ளி எவ்வளவுன்னு மெஷின்ல வெச்சுப் பார்க்கிற ஊர்ல இந்த நிலைமை!

கண்ணை நம்பி நடந்த பெரிய வழக்கு முத்தையா முரளிதரனுடையது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டாரல் ஹேர், எறிகிறார் என்று சொல்லி ஏழு முறை நோபால் கொடுத்தார். முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசா நீளாது. கை மடங்கியிருப்பது தப்பில்லை, வீசும்போது அது நீள்வதுதான் தப்பு. 1996ல் பெர்த்திலும் ஹாங்காங்கிலும் சோதித்து, எறிவது போலத் தெரிவது பார்வை மயக்கம் என்றார்கள். 1999ல் அடிலெய்டில் மறுபடி நோபால். ரணதுங்க டீமையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். சும்மா சொல்லக்கூடாது, கேப்டன்னா அவர்தான்.

2004ல் 'தூஸ்ரா' சிக்கியது. பெர்த் சோதனையில் 14 டிகிரி. அப்போது சுழல்பந்துக்கு அனுமதி 5 டிகிரிதான். அதே வருஷம், கை மடங்கவே முடியாதபடி இரும்புக் கம்பி வைத்த உறையை மாட்டி, டிவி கேமரா முன்னால் வீசிக் காட்டினார் மனுஷன். மற்றவர்களையும் அளந்து பார்த்தால், கிட்டத்தட்ட எல்லோருக்குமே கை கொஞ்சம் நீள்கிறது! 2005 மார்ச்சில் எல்லோருக்கும் 15 டிகிரி என்று விதியே மாறியது.

இந்த அளவெல்லாம் உடம்பில் பளபளக்கும் பொட்டுகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமரா வைத்து எடுப்பது. நம்ம பக்கம் போரூர் ராமச்சந்திராவில் அந்த வசதி உண்டு. 2014ல் ஐசிசி அங்கீகாரம் கிடைத்தது, 2015ல் சுனில் நரைன் அங்கேதான் சோதனைக்கு வந்தார். காஞ்சியிலிருந்து பூந்தமல்லி வழியா பஸ் ஏறினா போரூர் வந்துடும். ஆனா நம்ம தெருப் பையனை யாரு அங்க அனுப்பப் போறாங்க?

இங்கதான் குட்டி சென்சார் வருது. 1990களில் கார் ஏர்பேக்குக்காகப் பிறந்த சில்லு, 2006ல் வீ விளையாட்டு ரிமோட்டில் ஏறி, அப்புறம் எல்லா போன்லயும் உட்கார்ந்துகொண்டது. இன்னிக்கு ரிச்சி தெருவுல சில நூறு ரூபாய். மேல்கையில் ஒன்று, முன்கையில் ஒன்று கட்டினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முழங்கைக் கோணம். சென்னை ஐஐடி 2023ல் அறிவித்த 'ஸ்மார்ட்பாக்ஸர்' குத்துச்சண்டைக்கு இதே வழியில் போகிறது: கையுறையிலும் காலடியிலும் விசையை அளக்க சென்சார், கால் அசைவுக்கு இந்தச் சில்லு.

வில்லங்கமும் இருக்கு. தோல் நகர்ந்தால் சென்சாரும் நகரும், நேரம் ஆக ஆகக் கணக்கு விலகும். 15 டிகிரி விதியில் நாலு டிகிரி பிசகினால் ஒருத்தன் வாழ்க்கையே போச்சு. அதனால தீர்ப்புக்கு இன்னமும் லேப்தான். பயிற்சிக்கு அது போதும்னு நினைக்கிறேன்: போன வாரம் போட்ட பந்துக்கும் இந்த வாரம் போட்ட பந்துக்கும் கை எவ்வளவு மாறியிருக்குன்னு அந்தப் பையனே பார்த்துக்கலாம்.