மோட்டாருக்கு மாற்றாகத் தசை: மனித உடலமைப்பைப் பின்பற்றும் ரோபோக்கள் உருவாவது எப்படி?

தொழிற்சாலைகளில் கார்களின் உடற்பகுதிகளைப் பற்றவைக்கும் ரோபோ கைகளின் மூட்டுகளில் மின் மோட்டார்கள் இயங்குகின்றன. மனிதனின் முழங்கையிலோ விரல் கணுக்களிலோ சுழலும் பொறி எதுவும் இல்லை; தசை எலும்பை இழுக்கிறது, மூட்டு மடங்குகிறது. எலும்பு, தசைநாண், தசை என்ற இந்த அமைப்பை அப்படியே பின்பற்றி ரோபோக்களை உருவாக்கும் முயற்சி ஜப்பான், அமெரிக்கா மற்றும் ஐரோப்பிய நாடுகளின் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது.

அந்த முயற்சியின் மையமாக விளங்குவது செயற்கைத் தசை. காற்று, நீர், வெப்பம், மின்புலம் போன்ற ஏதேனும் ஒன்றால் தூண்டப்படும்போது சுருங்கி, தூண்டல் நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும் பொருளோ கருவியோ இப்பெயரால் குறிக்கப்படுகிறது. ரோபோக்களுக்கு மட்டுமின்றி, செயலிழந்த கை, கால்களுக்குத் துணைபுரியும் கருவிகளுக்கும் இது பயன்படுகிறது. இத்துறையின் புகழ்பெற்ற முதல் கருவி பிறந்ததே போலியோவால் கைகள் செயலிழந்த ஒரு சிறுமிக்காகத்தான்.

தசையின் தொழில் என்ன?: மனித உடலில் எலும்புகளுடன் இணைந்த தசைகள் 600-க்கும் மேற்பட்டவை. உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இவற்றுடையது. தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. எனவே தசைகள் எதிரெதிர் இணைகளாக அமைந்துள்ளன. மேற்கையின் முன்புறத் தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்புறத் தசை சுருங்கினால் நீளும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுகினால் மூட்டு விறைக்கும். இரண்டும் தளர்ந்தால் மூட்டு நெகிழும். கண்ணாடிக் குவளையைப் பிடிக்கும் கையே சுத்தியலையும் பிடிக்க முடிவது இதனால்தான்.

தசை எவ்வாறு சுருங்குகிறது என்பதை 1954ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே விளக்கின. ஆக்டின், மயோசின் என்ற இருவகைப் புரத இழைகள் ஒன்றின் மீது ஒன்று வழுக்கி நகர்வதால் தசை குறுகுகிறது என்பதே அந்த விளக்கம். விரல்களை மடக்கும் வலிமையான தசைகள் விரல்களில் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அவை முன்னங்கையில் அமைந்து, நீண்ட தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. இதனால் விரல்கள் மெலிதாகவும் எடை குறைந்தும் இருக்கின்றன.

மோட்டாரின் நிறையும் குறையும்: மின் மோட்டார் வேகமாகச் சுழலும், ஆனால் நேரடியாகத் தரும் முறுக்கு விசை குறைவு. வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்க கியர்கள் தேவை. கியர்கள் எடையைக் கூட்டுவதுடன் மூட்டையும் விறைப்பாக்குகின்றன. அத்தகைய கை மனிதர் மீது மோதினால் எளிதில் விட்டுக்கொடுக்காது. சுமையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும்போதும் மோட்டார் மின்சாரத்தைச் செலவழித்துச் சூடாகிறது.

ஆயினும், துல்லியமான கட்டுப்பாடு, நீண்ட ஆயுள், எளிதில் கிடைக்கும் தன்மை ஆகியவற்றில் மோட்டாருக்கு இணையான செயற்கைத் தசை இன்னும் உருவாகவில்லை. திரவ அழுத்தத்தால் இயங்கிய தனது புகழ்பெற்ற 'அட்லஸ்' ரோபோவுக்கு 2024 ஏப்ரலில் ஓய்வளித்த அமெரிக்காவின் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம், அதற்குப் பதிலாக முழுவதும் மின்சாரத்தால் இயங்கும் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்தியது. செயற்கைத் தசை போட்டியிட வேண்டியது இத்தகைய முதிர்ந்த தொழில்நுட்பத்துடன்தான்.

மகளுக்காக உருவான காற்றுத் தசை: அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன், இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியவர். 1945 ஜூலை 16 அன்று நடைபெற்ற உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையில், வெடிப்புக்கான தானியங்கி நேரக் கருவியை இயக்கியவர் அவரே. 1950களில் அவரது மகள் போலியோவால் பாதிக்கப்பட்டுக் கைகளின் இயக்கத்தை இழந்தார். மகளின் விரல்கள் மீண்டும் பொருள்களைப் பற்றுவதற்காக மெக்கிபன் உருவாக்கிய கருவியே இன்று 'மெக்கிபன் தசை' என்று அறியப்படுகிறது.

இதன் அமைப்பு எளிது. உள்ளே ஒரு ரப்பர் குழாய். அதைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்ட வலையுறை. குழாயினுள் காற்றைச் செலுத்தினால் அது பருக்கிறது. வலையின் இழைகள் நீளாதவை என்பதால், பருமன் கூடும்போது நீளம் குறைகிறது. வெங்காயம் அடைக்கும் வலைப்பையை அகலமாக விரித்தால் அதன் நீளம் சுருங்குவது போன்றதே இது. இவ்வகைத் தசை தன் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு வரை சுருங்கும். எடை குறைவு, இழுவிசை அதிகம், காற்று நிரம்பியிருப்பதால் இயல்பாகவே மென்மையும் உண்டு.

1980களில் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனம் இதனை ரோபோ கைகளுக்காக வணிக அளவில் தயாரித்தது. பின்னர் ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனமும், லண்டனைச் சேர்ந்த ஷேடோ ரோபோ நிறுவனமும் இதே கோட்பாட்டில் தசைகளையும் கைகளையும் உருவாக்கின. ஆனால் காற்றை அழுத்த கம்ப்ரசர் தேவை. ஒவ்வொரு தசைக்கும் வால்வு தேவை. தசை இலேசானது என்றாலும் அதை இயக்கும் துணைக் கருவிகளின் எடையும் இரைச்சலும் ரோபோவின் தன்னிச்சையான நடமாட்டத்துக்குத் தடையாகின்றன.

வெப்பத்தில் சுருங்கும் கம்பியும் தூண்டில் நரம்பும்: அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம் ஒன்றில் 1960ஆம் ஆண்டையொட்டி ஒரு வியப்பான உலோகக்கலவை கண்டறியப்பட்டது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த அதற்கு 'நைட்டினால்' என்று பெயர். இழுத்து நீட்டிய நைட்டினால் கம்பியைச் சூடாக்கினால் அது தன் பழைய வடிவத்தை 'நினைவுகூர்ந்து' வலுவாகச் சுருங்கும். மோட்டாரோ பம்போ தேவையில்லை. கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் போதும். ஆனால் சுருக்கம் நீளத்தில் சில சதவீதமே. மீண்டும் நீள வேண்டுமானால் கம்பி குளிர வேண்டும், அதற்கு நேரமாகும்.

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரையொட்டி அமைந்துள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரே பாமன் தலைமையிலான பன்னாட்டுக் குழு, இதே பணியை மிக மலிவான பொருள்களைக் கொண்டு செய்து காட்டியது. அவர்கள் பயன்படுத்தியவை தூண்டில் நரம்பும் தையல் நூலும். நைலான் இழையைச் சுருள் சுருளாக விழும் வரை முறுக்கிச் சூடாக்கினால், அது நீளத்தில் 49 சதவீதம் வரை சுருங்கும் என்று 'சயின்ஸ்' இதழில் அக்குழு தெரிவித்தது. அதே நீளமும் எடையும் கொண்ட மனிதத் தசை தூக்குவதைப் போல 100 மடங்கு சுமையை அது தூக்கியது. எனினும் செலுத்தப்படும் வெப்பத்தில் மிகச் சிறிய பங்கே இயக்கமாக மாறுகிறது என்பது இதன் பெருங்குறை.

பள்ளி மாணவியிடம் தோற்ற ரோபோ கைகள்: மின்புலத்தால் நேரடியாக வடிவம் மாறும் பாலிமர்கள் மற்றொரு வகை. மென்மையான ரப்பர் படலத்தின் இருபுறமும் நெகிழும் மின்முனைகளைப் பூசி உயர் மின்னழுத்தம் தந்தால், முனைகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படலத்தை நசுக்கும். படலம் பக்கவாட்டில் விரியும். 100 சதவீதத்துக்கும் அதிகமான விரிவு சாத்தியம் என்பதை 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் நிறுவன ஆய்வாளர்கள் காட்டியபோது எதிர்பார்ப்பு பெருகியது.

அந்த எதிர்பார்ப்பைச் சோதிக்கும் வகையில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த யோசப் பார்-கோஹென் ஒரு சவாலை முன்வைத்திருந்தார். மனிதருடன் கைமல்யுத்தம் செய்து வெல்லும் செயற்கைத் தசைக் கையை உருவாக்க வேண்டும் என்பதே அது. 2005 மார்ச்சில் சான் டியாகோ நகரில் நடைபெற்ற முதல் போட்டியில் மூன்று ரோபோ கைகள் களமிறங்கின. எதிரே அமர்ந்தவர் 17 வயது பள்ளி மாணவி. மூன்று கைகளையும் அவர் வீழ்த்தினார். அதிகபட்சமாகத் தாக்குப்பிடித்த கை 26 விநாடிகள் நின்றது. ஆய்வகத்தில் ஓர் இழை காட்டும் வலிமைக்கும், முழுக் கையாக இணைத்த பின் கிடைக்கும் வலிமைக்கும் இடையே உள்ள தொலைவை அப்போட்டி வெளிப்படுத்தியது.

அடுத்த பாய்ச்சல் 2018இல் நிகழ்ந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் கெப்ளிங்கர் குழுவினர், எண்ணெய் நிரப்பிய நெகிழ் பைகளின் மீது மின்முனைகளைப் பொருத்தினர். மின்னழுத்தம் தந்ததும் முனைகள் நெருங்கி எண்ணெயை ஒருபுறம் தள்ள, பை வடிவம் மாறி இழுவிசை பிறக்கிறது. 'ஹேசல்' எனப்படும் இவ்வகைத் தசையில் மின்பொறி பாய்ந்தாலும் திரவ எண்ணெய் மீண்டும் சூழ்ந்து பழுதை நீக்கிக்கொள்ளும். 2024 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் இடிஹெச் சூரிக் நிறுவனமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் இத்தகைய எதிரிணைத் தசைகளால் துள்ளிக் குதிக்கும் ரோபோ காலை வெளியிட்டன. முழங்காலை மடக்கி நிற்கும்போது மோட்டார் கால் சூடாக, இந்தத் தசைக் கால் சூடாகாமலே இருந்தது. ஆனால், அது ஒரு தண்டில் இணைக்கப்பட்டு வட்டமாக மட்டுமே குதித்தது.

வியர்க்கும் ரோபோ: தசை தனித்து இயங்குவது ஒன்று, முழு உடலாக இணைந்து இயங்குவது வேறு. டோக்கியோ பல்கலைக்கழகம் 'கென்ஷிரோ', அதன்பின் 'கென்கோரோ' ஆகிய ரோபோக்களை மனித எலும்புக்கூட்டின் அளவையும் தசைகளின் இருப்பிடத்தையும் ஒட்டி வடிவமைத்தது. இவற்றில் தசையின் பணியைச் செய்வது மோட்டார்களால் சுற்றி இழுக்கப்படும் கம்பிகளே. கென்கோரோவின் உடலில் அத்தகைய இழுவைகள் நூற்றுக்கும் மேல். அவற்றின் வெப்பத்தைத் தணிக்க, நுண்துளைகள் கொண்ட அலுமினிய எலும்புகள் வழியே நீரைக் கசியவிட்டு ஆவியாக்கும் முறையை ஆய்வாளர்கள் கையாண்டனர். இவ்வாறு 'வியர்த்தபடி' அந்த ரோபோ 11 நிமிடங்கள் தண்டால் எடுத்தது.

போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரைச் சேர்ந்த குளோன் ரோபோட்டிக்ஸ் நிறுவனம், மெக்கிபன் கோட்பாட்டை முழு உடலுக்கும் விரித்தது. 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட காணொலியில், 'புரோட்டோகுளோன்' என்ற முகமற்ற உருவம் தொங்கவிடப்பட்ட நிலையில் கை, கால்களை அசைத்தது. அதில் 1,000 செயற்கைத் தசை இழைகளும் 500 உணரிகளும் இருப்பதாக நிறுவனம் கூறியது. சமூக ஊடகங்களில் வியப்பையும் அச்சத்தையும் ஒருசேர எழுப்பிய அக்காணொலியில், ரோபோ தரையில் ஊன்றி நடக்கவில்லை.

உயிருள்ள தசை: அதே மாதத்தில் டோக்கியோ பல்கலைக்கழகமும் வசேடா பல்கலைக்கழகமும் வேறொரு பாதையைக் காட்டின. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதத் தசைத் திசுக்களை மெல்லிய இழைகளாக வளர்த்துச் சுருட்டிக் கட்டி, 18 சென்டிமீட்டர் நீளமுள்ள செயற்கைக் கையில் பொருத்தினர். மின்தூண்டலால் அக்கை 'கத்தரிக்கோல்' சைகை காட்டியது. பத்து நிமிடங்களில் அதன் விசை குறைந்தது; ஒரு மணி நேர ஓய்வுக்குள் மீண்டது. களைப்பும் ஓய்வும் உயிருள்ள தசையின் இயல்பு என்பதை அந்தக் கையும் மெய்ப்பித்தது. திசு உயிர்வாழ ஊட்டத் திரவம் தேவை என்பதால், இக்கை ஆய்வகத்தைவிட்டு வெளியேற இன்னும் காலமாகும்.

எஞ்சும் சவால்கள்: ஒரு மூட்டைப் பல தசைகள் பங்கிட்டு இழுக்கும்போது, ஒரே அசைவை எண்ணற்ற வழிகளில் நிகழ்த்தலாம். எந்தத் தசையை எவ்வளவு இறுக்குவது என்பதை மனித மூளை குழந்தைப் பருவம் முதல் பழகிக் கற்கிறது. ரோபோவுக்கு அதனைக் கணினி வழியே கற்பிக்க வேண்டும். தசையின் நீளத்தையும் இறுக்கத்தையும் இடைவிடாது தெரிவிக்கும் உணர்வு உறுப்புகள் மனிதத் தசைக்குள்ளேயே உள்ளன. செயற்கைத் தசையில் அவற்றைத் தனியே பதிக்க வேண்டும். மேலும், பயன்படுத்தப் பயன்படுத்த மனிதத் தசை வலுப்பெறுகிறது. செயற்கைத் தசை தேய்கிறது.

யாருக்குப் பயன்?: இந்தியாவில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் சுமார் 54 லட்சம் பேர் இயக்கக் குறைபாடு உடையவர்கள். நாட்டிலிருந்து போலியோ ஒழிக்கப்பட்டதாக 2014 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களின் கை, கால்கள் இன்றும் துணைக் கருவிகளை நம்பியே உள்ளன. பக்கவாதம், விபத்து ஆகியவற்றால் இயக்கம் இழப்போரின் தேவையும் இதே வகையானது.

இலேசான, மென்மையான, விலை குறைந்த செயற்கைத் தசை இவர்களைச் சென்றடையும் வாய்ப்பு, மனித ரோபோ வீட்டுக்குள் வருவதற்கு முன்பே கனியக்கூடும். அதற்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த 'மசில் சூட்' என்ற முதுகுத் துணைக் கருவி, ஜப்பானில் முதியோரைத் தூக்கிப் பராமரிப்போருக்கும் சுமை தூக்குவோருக்கும் விற்பனைக்கு வந்துள்ளது. அதனுள் இருப்பது மெக்கிபன் தசையே. 2019இல் அறிமுகமான அதன் வடிவத்துக்கு மின்சாரமோ மோட்டாரோ தேவையில்லை. கையால் பம்பு அடித்துக் காற்றை நிரப்பினால் போதுமானது.