துப்பாக்கி மாற்றமும் சட்ட வகைப்பாடும்: கொங்கு நாடு

ஒரு துப்பாக்கி எந்தச் சட்ட வகையைச் சேர்ந்தது என்பதை உரிமப் புத்தகம் தீர்மானிப்பதில்லை. துப்பாக்கியின் இன்றைய உருவமே தீர்மானிக்கிறது. காட்டுப்பன்றி தோட்டத்தில் இறங்கும் சத்தியமங்கலம், அந்தியூர், ஆனைகட்டி மலையோரங்களில் இதை அறிந்திருப்பது அவசியம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க்காப்புக்காக, குழல் வாய்வழி வெடிமருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. அது போதாதென்றால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வரியில்லாத துப்பாக்கிக்கும் தரலாம் என்கிறது. (அந்த உரிமம் பன்றியைச் சுட அனுமதி ஆகாது, அதற்கு வனவிலங்குச் சட்டம் தனி.) தூக்க வசதியாக இருக்கட்டுமே என்று அந்தக் குழலை 20 அங்குலத்துக்குக் கீழே அறுத்தால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில் அது முதல் வகைக்கு, அதாவது தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் உள்ள வகைக்கே போய்விடுகிறது. அறுப்பதற்கே ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். 2019இல் வந்த திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் அப்பிரிவில் சேர்த்தது. ஏர்கன்னும் விலக்கல்ல. 20 ஜூல் ஆற்றலையும் 0.177 அங்குல வாயையும் தாண்டாதவரை அதற்கு உரிமம் வேண்டாம். வலுவான ஸ்பிரிங் போட்டு அந்த வரம்பைத் தாண்டவிட்டால் கடை ரசீது காப்பாற்றாது.

பழுதுதானே பார்த்தோம் என்பார்கள். கோவையில் எதையும் கடைந்து தரும் லேத் பட்டறைகள் இருப்பதால் இந்த வாதம் இயல்பாகவே எழும். ஆனால் 5ஆம் பிரிவு உற்பத்தி, விற்பனை, மாற்றம் ஆகியவற்றோடு பழுதுபார்ப்பையும் உரிமத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. உரிமமற்ற பட்டறை கைவைத்தால் வேலை செய்தவரும் சிக்குவார். அப்படியானால் மாற்ற முடிகிற எல்லாத் துப்பாக்கியும் ஆபத்தா? கனடாவில் ஓரளவு அப்படித்தான். 1993இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஹாசல்வாண்டர் வழக்கில், குறைந்த நேரத்தில் எளிதாகத் தானியங்கியாக மாற்றக்கூடிய துப்பாக்கியையும் தடைசெய்யப்பட்டதாகக் கொண்டது. இந்தியச் சட்டம் தானியங்கி என்று தடுப்பது, அப்படி வடிவமைத்ததை அல்லது மாற்றியமைத்ததை. மாற்றும் வாய்ப்பு மட்டும் இருந்தால் வரையறைக்குள் வராது.

தண்டனை மிகை என்ற குறையில் நியாயம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. குழலை அறுத்தாலோ 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. கள்ளத் துப்பாக்கி செய்து விற்பவனுக்கும் இதே தண்டனைதான். குழல் நீளத்தை அளவுகோலாக வைத்தது சரி, மறைத்துக் கொண்டுபோக ஏற்றது குட்டைக் குழல்தான். ஆனால் விவசாயியையும் ஆயுத வியாபாரியையும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையில் நிறுத்தியதற்கு அந்த நியாயம் பொருந்தாது.