கணினிக்குத் தமிழ் தெரியாத காலம்

மலர்க் குழு நண்பர்கள் 'கல்வியும் கணினியும்' பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். வரலாறு படித்தவனிடம் கேட்டால் பழைய கதைதான் வரும். பார்வையற்ற மாணவரிடம் தமிழ் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கதை இது.

பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் தமது பதினைந்தாவது வயதில், 1824-ல், ஆறு புள்ளி எழுத்தை அமைத்தார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல் முடிவானது. அதில் ஓர் அழகு உண்டு. 'கே' எழுத நம்மைப் போலக் கொம்பை முன்னால் போடுவதில்லை. முதலில் க, பிறகு ஏ. காதில் விழும் வரிசைதான் விரலுக்கும்.

ஆனால் கல்லூரிப் பாடநூல் பிரெய்லில் எங்கே கிடைத்தது? எங்கள் காலத்தில் கேசட்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் விடுதியில் முறை வைத்து வாசித்து, பதிவு செய்து, வகுப்பு நண்பர் ஒருவருக்குக் கொடுப்போம். (பெயர் போடாதீங்க என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.) பக்கத்து அறைச் சிரிப்பும் சேர்ந்தே பதிவாகும். அதையும் சேர்த்துக் கேட்டுத்தான் அவர் பட்டம் வாங்கினார்.

விபத்தில் பார்வையிழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் அமெரிக்காவில் உருவாக்கிய ஜாஸ் மென்பொருள் 1989-ல் வந்தது. திரையில் உள்ள ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லும். தமிழ்? அங்கேதான் சிக்கல். நம்மவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா' அதற்கு வெறும் 'எம், கே, செமிகோலன், கே, எச்'!

யுனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழ் இருந்தது. ஆனாலும் அலுவலகமும் அச்சகமும் பழையதை விடவில்லை. தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல்தான். அதிலும் உள்ளே முதலில் க, பிறகுதான் கொம்பு. பிரெய்ல்காரர்கள் 1951-லேயே எடுத்த முடிவு! ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசம், யுனிகோடுத் தமிழையும் படிக்கும். குரல் என்னவோ தகரத்தைத் தட்டின மாதிரிதான். நண்பர் அதையே நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்.

சட்டமும் இடம் கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றிக்கொள்ள 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. நோட்ஸை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறீர்களே, அது பாமினி கதைதான். கணினிக்கு அது எழுத்தில்லை, வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் வந்துவிட்டது, சரி. ஆனால் கையெழுத்தில் அது தடுமாறும். 1857-ஐ 1867 என்று படித்தால் வரலாற்று மாணவன் கதி என்ன? ஐந்து நிமிடம் செலவழித்துத் தட்டச்சு செய்து அனுப்பலாமே.

நம் சங்கத்தின் பழைய மலர்களும் ஸ்கேன் செய்த படங்களாகவே கிடக்கின்றன. அவற்றை எழுத்துக் கோப்பாக மாற்ற மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நாள் பாமினி கோப்புகள் யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்க. பிளாப்பியாக இருந்தாலும் பரவாயில்லை.