உறுதிப்பூசுதல்

திருமுழுக்குப் பெற்றவரின் நெற்றியில் கிறிஸ்மா தைலத்தால் சிலுவை அடையாளம் இட்டு, தூய ஆவியின் கொடையை அவருக்கு வழங்கும் கிறிஸ்தவச் சடங்கு உறுதிப்பூசுதல். கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏழு திருவருட்சாதனங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. திடப்படுத்தல் என்று அழைக்கும் சீர்திருத்தச் சபைகளில், விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடுவதே இதன் மையம்.

சமாரியாவில் பிலிப்புவிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள்மீது பேதுருவும் யோவானும் கைகளை வைத்தபோது அவர்கள் தூய ஆவியைப் பெற்றார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆயினும் தொடக்ககாலச் சபையில் இது தனிச் சடங்காக இருக்கவில்லை. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், நீரில் முழுக்குவதையும் எண்ணெய் பூசுவதையும் கைவைப்பதையும் ஒரே நிகழ்வின் படிகளாகவே விவரிக்கிறார்.

சபை நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்குப் பரவியபோது, எல்லாத் திருமுழுக்குக்கும் ஆயர் வந்து நிற்க முடியாமல் போயிற்று. கீழைத் திருச்சபைகள் ஆயர் அர்ச்சித்த தைலத்தைக் குருக்களிடமே கொடுத்தன. அங்கு இன்றும் கைக்குழந்தை திருமுழுக்கோடு பூசுதலும் பெறுகிறது. உரோமையோ வேறு வழியில் சென்றது. நெற்றியில் பூசும் உரிமை ஆயருக்கு மட்டுமே உண்டு என்று 416இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் குப்பியோ நகர ஆயருக்கு எழுதினார். விளைவாக, பரந்த மறைமாவட்டங்களில் ஆயரின் வருகைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இரு சடங்குகளும் பிரிந்ததற்கு இறையியலைவிட இந்த நடைமுறை நெருக்கடியே பெரிய காரணம். பிரிந்த பிறகே அதற்கான விளக்கம் வளர்ந்தது: திருமுழுக்கு பிறப்பு, உறுதிப்பூசுதல் ஆன்மிகப் போருக்கான வலிமை. இக்கருத்தைத் தாமஸ் அக்குவினாஸ் விரித்துரைத்தார். ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டும் இடைக்கால வழக்கத்துக்கும், துன்பம் தாங்கப் பழகுதல் என்றே பொருள் சொல்லப்பட்டது.

உறுதிப்பூசுதலைக் கிறிஸ்து ஏற்படுத்தியதற்கு விவிலியச் சான்று இல்லை என்று சீர்திருத்தவாதி லூத்தர் 1520இல் வாதிட்டார். திரெந்து பொதுச்சங்கம் 1547இல் அதை மறுத்து, இது திருவருட்சாதனமே என்று அறிவித்தது. இதற்கிடையே 1539இல் மார்ட்டின் பூட்சர் ஹெஸ்ஸே நாட்டுச் சபைக்கு வகுத்த ஒழுங்கு சீர்திருத்தச் சபைகளுக்கு முன்மாதிரியாயிற்று: பிள்ளைகள் ஞானோபதேசம் கற்று, சபையார் முன் அறிக்கையிட்டு, கைவைப்பைப் பெற வேண்டும். இதன் சமூக விளைவு டென்மார்க்–நார்வே அரசில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அங்கு 1736இல் திடப்படுத்தல் சட்டக் கட்டாயமானது. அது பெறாதவர் திருமணம் செய்ய முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஞானோபதேசம் கற்றாக வேண்டியிருந்ததால், 1739இல் நார்வே கிராமங்களுக்குப் பள்ளிச் சட்டம் வந்தது. ஒரு சபைச் சடங்கு ஒரு நாட்டுக்கே எழுத்தறிவின் வாயிலானது அதன் வரலாற்றில் தனித்துச் சொல்லத்தக்கது.

கத்தோலிக்கரிடையே திருவருட்சாதனங்களைப் பெறும் வரிசையும் மாறியது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் முதல் நற்கருணைக்கான வயதை ஏழளவுக்குக் குறைத்ததால், பல இடங்களில் உறுதிப்பூசுதல் அதற்குப் பின்னே தள்ளப்பட்டது. ஆறாம் பவுல் 1971இல் சடங்கைச் சீரமைத்து, பைசாந்திய மரபின் பழைய வாய்பாட்டை ஏற்றார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பகுத்தறியும் வயதைப் பொது விதியாக்கி, வேறு வயதைக் குறிக்க ஆயர் பேரவைகளுக்கு இடமளிக்கிறது. தமிழகத்தில் தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகள் பதின்ம வயதில் ஆயத்த வகுப்பு முடித்து, பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்று, முதல் திருவிருந்தில் பங்குகொள்வது நெடுநாள் வழக்கம்.